விரலில் 98 காட்டினால் போதுமா?

கேள்வி: பழைய பெயின்ட்டை உரிக்கும் பட்டறையில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். மதியத்துக்கு மேல் தலை பாரமாகி, குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறது. விடுமுறை நாளில் ஒன்றும் இல்லை. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருக்கிறது. வாசனை காலையில் கொஞ்ச நேரம்தான், அப்புறம் தெரிவதில்லை. துணி மாஸ்க் கட்டிக்கொள்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்படத்தான் வேண்டும். முதலில் அந்த 98-ஐ நம்புவதை விடுங்கள்.

மூச்சில் போகும் மெத்திலீன் குளோரைடில் ஒரு பகுதியை உடம்பு கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு எரிந்தால் ஆளைக் கொல்லுமே, அதே வாயுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். விரல் கருவிக்கோ இரண்டும் ஒன்றுதான். சேர்த்து எண்ணி 98 என்று சொல்லும். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் கொழுப்பில் தங்கிய மிச்சம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். இதயத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கு இது பெரிய ஆபத்து. தள்ளாட்டம் வேறு கணக்கு: அந்த ஆவியே மூளையை நேராக மயக்குகிறது.

வாசனை தெரியவில்லை என்றால் ஆவி போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு பழகிவிட்டது. 8 மணி நேர வேலைக்கு அமெரிக்கா 1997-ல் வைத்த வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. அதைப் போல் பல மடங்கு ஏறிய பிறகுதான் பெரும்பாலோர் மூக்குக்கே எட்டும்.

நான் ஆலை மருத்துவராக இருந்தபோது, இடுப்பளவு தொட்டிக்குள் குனிந்து அடியில் படிந்த கசடை வழித்த ஒருவர் அப்படியே சரிந்தார். தூக்கப் போனவரும் அவர் மேலேயே விழுந்தார். இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம். இந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது, தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். திரவம் சுமார் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தப் பட்டறையில் கூரையில் பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது! உறிஞ்சும் குழாய் தொட்டியின் விளிம்பில் இருந்திருக்க வேண்டும்.

துணி மாஸ்க் தூசிக்குத்தான் உதவும். கரி வடிகட்டி வைத்த முகமூடியையும் இந்த ஆவி சீக்கிரமே தாண்டிவிடும்; வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று தரும் முகமூடிதான் வேண்டும். சாதாரண ரப்பர், நைட்ரைல் கையுறைகளைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அந்தச் சூட்டில் ஆவி சிதைந்து பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது.

முதலாளியிடம் பென்சைல் ஆல்கஹால் கலந்த உரிப்பான் கேட்டுப் பாருங்கள். 'வேலை மெதுவாகும்' என்பார். மெதுவாகத்தான் ஆகும், அதற்காக விட்டுவிடாதீர்கள். மாறும்வரை தனியாக ஒருபோதும் தொட்டியருகே போகாதீர்கள். நெஞ்சை அழுத்தினால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அறிகுறி இல்லாவிட்டாலும், வேலை நாளின் கடைசியில் 'கார்பாக்சி ஹீமோகுளோபின்' ரத்தப் பரிசோதனை எடுங்கள், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது காட்டும்; விடுமுறையில் எடுத்தால் சரியாக இருப்பதாகவே வரும். சிகரெட் பிடிப்பவர் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். புகையாலும் அந்த அளவு ஏறும், அவர் அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.