பீத்தோவனுக்கு முன்னால் அந்த இருபது நிமிஷம்: வயோலாக்காரரிடம் சில கேள்விகள்

லண்டனில் இருபத்திரண்டு வருஷமாகக் கூலிக்கு வயோலா (வயலினுக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன்) வாசிக்கிறேன். நிரந்தர வேலை கிடையாது. எந்தக் குழுவில் ஆள் குறைகிறதோ அங்கே போய் உட்காருவேன். திருச்சியில் கர்நாடக வயலினில் ஆரம்பித்து இங்கே வந்து சேர்ந்தது பெரிய கதை, விடுங்கள். நம் காலத்து இசையமைப்பாளர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் புதுப் படைப்புகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் ஆர்கெஸ்ட்ரா என்று சொல்வது சிம்பொனி வாசிக்கும் பெரிய மேற்கத்திய இசைக்குழுவை, கல்யாண ரிசப்ஷன் ஆர்கெஸ்ட்ராவை அல்ல.

கேள்வி (ஹாரோ வாசகர்): ஆபீஸில் ஓசி டிக்கெட் கிடைத்து பார்பிகன் ஹாலுக்குப் போனேன். முதல் இருபது நிமிஷம் ஏதோ புதுப் படைப்பு. மேஜை நாற்காலியை இழுத்த மாதிரி இருந்தது. அப்புறம் பீத்தோவன் வந்ததும்தான் உயிர் வந்தது. என் காதில் கோளாறா?

பதில்: காதில் ஒன்றும் இல்லை. பீத்தோவனை நீங்கள் அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்கவில்லை. அவர் மெட்டு ஒன்று நம் ஊரில் குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷினில்கூட ஒலிக்கிறது. புதுப் படைப்பை ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். ஒரே கச்சேரியில் கேட்டுப் பிடிபட்ட ராகம் உங்களுக்கு எத்தனை?

இன்னொரு பக்கமும் உண்டு. புதுசாக வருவதில் பாதிக்கு மேல் சுமார்தான். பத்து வாசித்தால் இரண்டு மூன்றைத்தான் மறுபடி வாசிக்க ஆசை வரும். பீத்தோவன் காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும், சுமாரானவை எல்லாம் உதிர்ந்துவிட்டன. என் ஆதங்கம் என்னவென்றால், அந்த இரண்டு மூன்றும் திரும்பி வருவதில்லை. பணம் தருகிறவருக்கும் விழாக்காரருக்கும் பத்திரிகைக்கும் "உலகில் முதல் முறை" என்று போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை வாசித்தால் யாருக்கும் பேர் வராது.

அந்த நாற்காலிச் சத்தத்தைப் பற்றி: அது அனேகமாக நாங்கள்தான். வில்லைத் தந்தியில் அழுத்தி மெதுவாக இழுத்தால் அப்படிக் கரகரக்கும். வில்லைத் திருப்பி அதன் கட்டையால் தந்தியைத் தட்டச் சொல்வதும் உண்டு. நல்ல வில்லின் விலை தெரிந்தவன் அதைச் செய்ய மாட்டான். அதற்கென்றே கார்பன் ஃபைபர் வில் ஒன்று என் பெட்டியில் கிடக்கிறது, மழைக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பு மாதிரி. போலந்தின் பெண்டரெட்ஸ்கி 1960ல் 52 தந்தி வாத்தியங்களுக்கு ஒரு படைப்பு எழுதினார். அதில் தாளக் கோடு கிடையாது, கீழே எத்தனை விநாடி என்றுதான் போட்டிருக்கும். முதலில் அதன் தலைப்பே வெறும் 8 நிமிடம் 37 விநாடி. ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான புலம்பல் என்ற பெயர் பிறகு வந்தது. அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு கேட்டால் அதே சத்தம் கூசவைக்கிறது. தலைப்பு செய்கிற வேலை அது. ஏமாற்று என்பவர்களும் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை.

கேள்வி: புதுசை ஏன் எப்போதும் முதலிலேயே வைக்கிறார்கள்?

பதில்: கடைசியில் வைத்தால் தனி ஆவர்த்தனத்துக்குச் சபா கேன்டீன் நிரம்புகிற கதைதான். இடைவேளைக்குப் பிறகு பாதி நாற்காலி காலி. பெரிய படைப்பு என்றால் தாள வாத்தியங்களை மத்தியானமே மேடையில் அடுக்கிவிடலாம் என்பதும் ஒரு காரணம்.

1918ல் வியன்னாவில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க், புதுப் படைப்புகளுக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார். என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். கைதட்டக் கூடாது, விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. வேண்டுமளவு ஒத்திகை பார்த்துத்தான் மேடை ஏற்றுவார்கள், வாசித்ததையே மறுபடியும் வாசிப்பார்கள். சில வருஷத்தில் காசில்லாமல் நின்றுபோனது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் உருப்படியாக யோசித்த ஒரே மனிதர் அவர்தான்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து): சார், ஒரு சந்தேகம். புதுப் படைப்பில் நீங்கள் தப்பாக வாசித்தால் யாருக்குத் தெரியும்?

பதில்: எழுதினவருக்குத் தெரியும். சில சமயம் அவருக்கும் தெரியாது.

நடப்பதைச் சொல்கிறேன். மூன்று மணி நேர ஒத்திகை. அதில் ஒரு கன்செர்ட்டோ (தனி வித்வானும் குழுவும் சேர்ந்து வாசிப்பது), ஒரு சிம்பொனி, பதினெட்டு நிமிஷப் புதுப் படைப்பு. பாதி நேரம் மற்ற இரண்டுக்கும் போய்விடும். எழுதினவர் பத்தாவது வரிசையில் மடியில் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக் குறிப்பை, விரித்துக்கொண்டு, கல்யாணத்தன்று மழை வருமா என்று பார்க்கும் பெண்ணின் அப்பா மாதிரி உட்கார்ந்திருப்பார். குழுவை நடத்தும் கண்டக்டர் நிறுத்தும்போதெல்லாம் பாதி எழுந்து, பாதியிலேயே உட்காருவார்.

எங்கள் முதல் பிரச்சினை இசையே இல்லை, பக்கம் திருப்புவது. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. உள்பக்கம் இருப்பவர்தான் பக்கம் திருப்ப வேண்டும். பழைய பதிப்புகளில் திருப்புகிற இடத்தில் ஓய்வு வரும்படி பார்த்து அச்சிட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் கக்கின தாளில் சரியாக உச்சக்கட்டத்தில் பக்கம் முடியும். எட்டு வயோலாவில் நான்கு பேர் தாளைத் திருப்பினால் பாதிச் சத்தம் காணாமல் போகும். ஒருமுறை ஒரு இளம் இசையமைப்பாளர் அந்த இடத்தில் "வயோலா ஏன் திடீரென்று மெலிகிறது?" என்று கவலைப்பட்டார். இடைவேளையில் கூப்பிட்டுக் காட்டினோம். முகம் சிவந்துவிட்டது. நகல் எடுக்கிற மெஷினைத் தேடி ஓடி, அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு வரியை வெட்டி, செலோ டேப்பால் ஒட்டிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி அந்த இடம் பிரமாதமாக விழுந்தது. அதன் பிறகு அந்தப் படைப்பை நான் வேறெங்கும் வாசித்ததில்லை, வாசித்ததாகக் கேள்விப்படவும் இல்லை. தாள்களெல்லாம் பதிப்பாளரிடம் வாடகைக்கு எடுத்தவை என்பதால் டேப்போடு திரும்பிப் போயிருக்கும்.

கேள்வி: ஒன்றுமே வாசிக்காமல் நாலரை நிமிஷம் உட்கார்ந்திருப்பதும் இசையா? கேட்கிறவன் கேனையனா?

பதில்: அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் "4 நிமிடம் 33 விநாடி" என்ற படைப்பைத்தானே சொல்கிறீர்கள். வாரம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். 1952 ஆகஸ்ட் 29, நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் பக்கம் மரத்தால் கட்டிய ஒரு கச்சேரிக் கொட்டகை. பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும். பியானோக்காரர் டேவிட் டியூடர் பியானோ மூடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரையில் மழைத் துளி, மூன்றாவதில் ஜனங்கள் முணுமுணுத்தபடி எழுந்து போகிற சத்தம் என்று கேஜ் பிறகு சொன்னார். அவரைப் பொறுத்தவரை அதெல்லாம்தான் இசை.

எனக்குப் பிடித்தது 2004ல் பார்பிகனில் நடந்தது. பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இதை வாசித்தது (வேறு வார்த்தை இல்லை). வானொலியில் நேரடி ஒலிபரப்பு. நிலையத்தில் ஒரு மெஷின் இருக்கிறது, நீண்ட நேரம் நிசப்தமாக இருந்தால் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தானாக வேறு இசையைப் போட்டுவிடும். அன்றைக்கு அதை அணைத்து வைக்க வேண்டியிருந்தது. கேனையன் யார் என்று கேட்டால் நான் அந்த மெஷினைக் காட்டுவேன்.

கேள்வி: நடுவில் கைதட்டலாமா?

பதில்: எப்போது முடிகிறது என்று எங்களுக்கே சில சமயம் சந்தேகம். கண்டக்டர் கை முழுசாகக் கீழே இறங்கட்டும். பிடிக்கவில்லையா, சும்மா இருங்கள். 1973ல் நியூயார்க் கார்னகி ஹாலில் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் நான்கு ஆர்கன்களுக்கான படைப்பு நடந்தது. மரக்காஸ் கிலுகிலுக்க, ஒரே ஒரு ஸ்வரக்கூட்டை (பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலிப்பது) கால் மணி நேரம் நீட்டி நீட்டிக்கொண்டே போவார்கள். கூச்சல் போட்டே நிறுத்தப் பார்த்தார்கள். இன்றைக்கு ரைக் என்றால் டிக்கெட் கிடைப்பதில்லை.

கேள்வி (மிருதங்கம் கற்கும் மாணவர்): அண்ணா, பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் நம் தாளங்களை எடுத்துக்கொண்டார் என்று எங்கள் வாத்தியார் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மைதான் தம்பி, ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. சார்ங்கதேவரின் பழைய இசை நூலான சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. அது ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்தது. மெஸ்ஸியான் அதைப் படித்துத்தான் பிடித்தார், கேட்டுப் பிடிக்கவில்லை. பாஸ்டனில் 1949 டிசம்பரில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தி அரங்கேறிய துரங்கலீலா சிம்பொனிக்குப் பெயரே சமஸ்கிருதம்.

நீ கேட்க வேண்டியது அதுவல்ல. மெஸ்ஸியான் ஜெர்மானியர்களின் போர்க் கைதி முகாமில் இருந்தபோது எழுதி, 1941 ஜனவரியில் அங்கேயே வாசித்த நால்வர் படைப்பு இருக்கிறதே, அதன் முதல் பகுதியைக் கேள். பியானோவில் 17 கால அளவுகள் திரும்பத் திரும்ப வரும். ராகவர்தனம், சந்திரகலை, லக்ஷ்மீசம் என்று மூன்று தேசி தாளங்களை ஒட்டிச் செய்தது. அதன் மேல் 29 ஸ்வரக்கூட்டுகள் தனியாகச் சுற்றும். 17க்கும் 29க்கும் பொது வகுஎண் கிடையாது, எனவே இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 29 சுற்று ஆகும். அதற்குள் பகுதியே முடிந்துவிடும். நாம் கோர்வை கட்டுவதே தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுவதற்கு. இந்த மனுஷர் விழவே கூடாது என்று கட்டியிருக்கிறார். கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் பைத்தியம் பிடிக்கும். போட்டுக்கொண்டே கேள்.

கேள்வி (பலர்): இளையராஜாவின் சிம்பொனி இந்தக் கணக்கில் வருமா?

பதில்: வராமல்? நம்மோடு வாழ்கிற ஒருவர் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய நான்கு பகுதிச் சிம்பொனி. 2025 மார்ச் 8ல் ஹாமர்ஸ்மித் அப்பல்லோவில் ராயல் ஃபில்ஹார்மானிக் வாசித்தது, மிகெல் டாம்ஸ் நடத்தினார். அந்த அரங்கம் ராக் கச்சேரிகளுக்குப் பேர்போனது, சிம்பொனி ஹால் அல்ல என்பதையும் கணக்கில் வையுங்கள். ராஜாவைப் பார்க்க வந்த கூட்டம் அது. ராஜாவை யாரென்றே தெரியாத ஒரு கண்டக்டர் ஸ்கோரைப் புரட்டிவிட்டு, "இதை என் ஊரில் போடலாமே" என்று கேட்கிற நாளுக்குத்தான் நான் காத்திருக்கிறேன். வயலின் வித்வான் எல். சுப்ரமணியம் 1985லேயே ஜுபின் மேத்தா நடத்த நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு வேத மந்திரங்களை வைத்து எழுதிய தன் படைப்பை வாசித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏன் தெரியாது? மறுபடி மறுபடி காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (குரோய்டன், ஒரு அம்மா): அண்ணை, மகள் ஏ லெவல் மியூசிக் செய்யிறாள். கொம்பொசிஷன்தான் படிப்பன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள். சோறு கிடைக்குமோ?

பதில்: அக்கா, எழுதி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பலரும் பாடம் சொல்லித் தருகிறார்கள், பாடகர் குழு நடத்துகிறார்கள், படங்களுக்கு எழுதுகிறார்கள். ஃபிலிப் கிளாஸின் ஓபரா 1976ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கை நிறைத்தது. அதற்குப் பிறகும் மனுஷர் டாக்சி ஓட்டினார். படிக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தெரிந்த நாலு பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லுங்கள், ஒரே உருப்படியை இரண்டு மூன்று இடத்தில் வாசிக்க வைக்கச் சொல்லுங்கள். பக்கம் திருப்புகிற இடத்தை மறக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எதில் ஆரம்பிப்பது? பயமுறுத்தாததாகச் சொல்லுங்கள்.

பதில்: எஸ்டோனியாவின் ஆர்வோ பார்ட், பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் நினைவுக்காக 1977ல் எழுதியது. ஒரு மணி, தந்தி வாத்தியங்கள், மேலிருந்து கீழே இறங்கும் ஒரே ஒரு ஸ்வர வரிசை. ஒவ்வொரு குழுவும் அதை வெவ்வேறு வேகத்தில் இறங்கும். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மூன்று காலத்தில் சரளி வரிசை சாதகம் பண்ணத் தெரியும், இங்கே எல்லாக் காலமும் ஒரே சமயத்தில் நடக்கும். அடுத்து ஜான் ஆடம்ஸின் வேகமான கார் சவாரி (Short Ride in a Fast Machine), நாலு நிமிஷம். பெயரே வினையாகி இங்கே பிபிசியின் ப்ராம்ஸ் (Proms) கோடை இசை விழாவில் இரண்டு தடவை நிறுத்தினார்கள், 1997ல் டயானா விபத்துக்குப் பிறகு ஒருமுறை, 2001 செப்டம்பரில் ஒருமுறை. பிறகு கிளாஸின் சத்யாகிரஹா என்ற ஓபரா. காந்தியின் தென்னாப்பிரிக்க வருஷங்கள், பாடுவது முழுக்க கீதையின் சமஸ்கிருதம். வள்ளியம்மை அதில் இல்லை, திருமதி நாயுடு என்றொரு பாத்திரம் உண்டு. அப்புறம் தைரியம் வந்ததும் லிகெட்டியின் 1961ம் வருஷத்து "அட்மாஸ்ஃபியர்ஸ்". அவ்வளவு பெரிய குழுவில் தாள வாத்தியமே கிடையாது, மேகம் மாதிரி நகரும். ஜெர்மனியில் அரங்கேறிய அன்றே ஜனங்கள் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், வாசித்தார்கள். எதைக் கேட்டாலும் இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.

கேள்வி: பிடிக்காத படைப்பை வாசிக்கும்போது மனசுக்குள் என்ன ஓடும்?

பதில்: எண்ணிக்கைதான். புதுப் படைப்புகளில் வயோலாவுக்கு நாற்பது ஐம்பது தாளக்கட்டு சும்மா இருக்கச் சொல்வார்கள், அளவு வேறு ஐந்து, ஏழு, மூன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். நான் தொடையில் விரல் விட்டு எண்ணுவேன், சுண்டு விரலிலிருந்து, திருச்சியில் கற்ற மாதிரி. பக்கத்தில் உட்காருகிற யார்க்‌ஷயர்க்காரர் ஒருவர் இதை ரொம்ப நாள் கவனித்துவிட்டு ஒருநாள் என்ன அது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவரும் போடுகிறார். போன மாதம் நான் ஒரு கட்டு தவறவிட்டபோது அவர் தொடையைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தேன்.