15 ஆண்டுகளைத் தாண்டிய டீசல் பிக்கப் வண்டியைச் செலவு செய்து மேம்படுத்தலாமா, விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா?

ஏற்றத்தில் இழுவை குறைந்து கரும்புகை வருகிறது, பட்டறையில் எஞ்சினுக்குப் போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன், ரிங் மாற்றுவது) செய்யச் சொல்கிறார்கள், அதோடு சேர்த்து வண்டியின் சக்தியையும் கூட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுமை ஏற்றிப் பிழைக்கும் வண்டி என்று கருதிக்கொண்டு பதில் எழுதுகிறேன். வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இழுவையைக் கூட்டுவதற்காக எதையும் செய்யாதீர்கள்; வெப்பத்தை அடக்குவதற்கும் வண்டியை நிறுத்துவதற்கும் உரிய பாகங்களுக்கே பணத்தைச் செலவிடுங்கள்.

எங்கள் வண்டி 2008ஆம் ஆண்டு மாடல். இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், மெக்கானிக்கல் டீசல் பம்ப், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் விவாதம் அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்பதால் தவிர்க்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிப் பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கும், சில நாட்களில் பழனி மலைப்பாதையில் கொடைக்கானலுக்கும் ஓடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதையில் இதே கரும்புகையும் இழுவைக் குறைவும் வந்தன. வெப்பமானியின் முள்ளும் மேலே ஏறியது. ஒரு பட்டறையில் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், புகையைக் கண்டதுமே போர் வேலை என்று முடிவு சொன்னார்கள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரிங் தேய்ந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், நீலப் புகை விடும்; ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று வேகமாக வெளியே அடிக்கும். எங்கள் வண்டியில் இவை எதுவும் இல்லை. கரும்புகை என்றால் உள்ளே செல்லும் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை அல்லது டீசல் சரியாகச் சிதறவில்லை என்றே பொருள். எங்கள் பகுதியில் டீசல் பம்ப் வேலை மட்டுமே செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் முதலில் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பிறகு டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் மாட்டி அழுத்தினார். மூடுபனியாகச் சிதற வேண்டிய டீசல் இரண்டு நாசில்களில் சொட்டிக்கொண்டிருந்தது. டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்புக்கு அருகே, வெடித்திருந்தது. நாசிலும் ஹோஸும் மாற்றியதில் புகை நின்றது. வெப்பத்துக்குக் காரணம் வேறு: ரேடியேட்டரின் இடுக்குகளில் மண்ணும் வைக்கோல் தூசியும் அடைத்திருந்தன. போர் வேலைக்குச் சொன்ன தொகையில் இது ஒரு சிறு பங்குதான். அளவு கருவியை எடுக்காமலேயே எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் இந்த வழக்கத்தால் எத்தனை நல்ல வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. போர் வேலையே தேவைப்படாது என்று நான் சொல்லவில்லை. சோதித்த பிறகு செய்யுங்கள் என்கிறேன்.

சக்தியைக் கூட்டுவது என்று பட்டறைகளில் சொல்வது, பெரும்பாலும் பம்பில் உள்ள டீசல் ஸ்க்ரூவைத் திருகிவிடுவதுதான். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடும்போது புகையும், வெளியேறும் வாயுவின் வெப்பமும் உயர்கின்றன. அந்த வெப்பத்தை முதலில் தாங்க வேண்டியவை வயதான பிஸ்டனும் டர்போவும். மேலும், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இன்னொரு மேம்பாட்டை எல்லோரும் செய்கிறார்கள்: சுமை தாங்கும் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவது. பல பிக்கப் வண்டிகளில் சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) பின் ஆக்ஸிலுக்கும் இடையே ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட பிரேக் வால்வு உண்டு. சுமையால் வண்டி எவ்வளவு தாழ்கிறதோ, அதற்கேற்ப அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தை விடும். கூடுதல் பட்டை போட்டால் முழுச் சுமையிலும் வண்டி தாழாது. வால்வைப் பொறுத்தவரை அது காலி வண்டி. பின் பிரேக் குறைய, மலை இறக்கத்தில் முழு வேலையும் முன் பிரேக்கின் மேல் விழும். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால், விவரம் தெரிந்தவரிடம் அந்த வால்வையும் சரிசெய்யச் சொல்லுங்கள். பட்டை போட்டவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பட்டை மாற்றும் இடத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 எண்ணெய் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று உள்ளே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரேடியேட்டருக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு உள்ளே படியும். கூலன்ட் ஊற்றுங்கள், தேய்ந்த மூடியை மாற்றுங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தவறாமல் திறந்துவிடுங்கள். முகப்பு விளக்குக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வரும்படி தனி ரிலே வயரிங் செய்தால், கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பே போதிய வெளிச்சம் தரும்.

புதிய மாசு விதிக்கேற்ப வந்த பி.எஸ்.6 டீசல் பழைய பம்பைத் தின்றுவிடும் என்று பின்னூட்டத்தில் யாராவது எழுதக்கூடும். கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்டது உண்மைதான்; அதோடு பம்புக்கு வேண்டிய வழவழப்பும் போய்விடும் என்பதே அவர்கள் பயம். ஆனால் அந்த டீசலுக்கு வழவழப்புத் தன்மையின் வரம்பும் தரநிலையிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பம்பில் அதனால் எந்தக் கோளாறும் வரவில்லை. டீசலில் எஞ்சின் எண்ணெயைக் கலக்கும் பழக்கமும் எங்களிடம் இல்லை.

புதிய வண்டி வாங்குபவர்களை நான் தடுக்கவில்லை. தொலைதூர ஓட்டமும் தொடர்ந்த வாடகையும் உறுதியாக இருந்தால், மாதத் தவணையைத் தாங்கலாம். எங்களைப் போல விலை வீழ்ந்த வாரத்தில் வண்டியை நிறுத்திவைக்க வேண்டிய சந்தை ஓட்டத்துக்கு, கடன் தீர்ந்த பழைய வண்டிதான் பொருந்தும். ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: வண்டியைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டும் தாங்கிகளுக்கு அருகே சேசிஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அங்கே விரிசலோ, துரு அரித்த ஓட்டையோ இருந்தால், நான் மேலே எழுதிய எதையும் செய்யாமல் வண்டியை விற்றுவிடுங்கள்.