வெளுத்த கடற்பாசிக்கு யூரியா போடலாமா?

கேள்வி: ஐயா, சேலம் பக்கத்து அயோத்தியாப்பட்டணத்தில் மரவள்ளி போடுகிறேன். வீட்டில் 150 லிட்டர் உப்புநீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் கவுலெர்ப்பா கடற்பாசியும் உண்டு. ஆறு மாதமாகக் கிள்ளாமல் விட்டதில் பாசி புதராகிவிட்டது. போன வாரம் ஒரே இரவில் கண்ணாடிபோல் வெளுத்து, தண்ணீரும் பால்போல் ஆனது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். கடைக்காரர் இரும்புச்சத்து பாட்டிலும் பாஸ்பேட் உறிஞ்சும் குருணையும் தந்தார். சிட்டிகை யூரியா போட்டால் பச்சை திரும்புமா?

பதில்: திரும்பாது. கவுலெர்ப்பா பார்க்கத்தான் கொடியும் இலையும். உள்ளே தடுப்பே இல்லாத ஒரே செல். இனப்பெருக்கத்துக்குக் கிளம்பினால் உள்ளிருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டுச் சக்கையாகிவிடும். வெளுத்ததை முழுக்க வாரியெடுங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள், வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். இரவில் காற்று பம்பை நிறுத்தவே கூடாது. யூரியா பக்கமே போகாதீர்கள். அது அம்மோனியாவாக மாறும்; பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் அதிகம்.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நைட்ரேட் பூஜ்யமானால் தொட்டி சுத்தம் என்று கடைகளில் சொல்கிறார்கள். பாசி வளர்ப்பவருக்கு அது பட்டினி. பாசியே பாஸ்பேட்டை உறிஞ்சத்தான் இருக்கிறது. அதன் வாயிலிருந்து பிடுங்க இன்னொரு குருணையை விற்பது வெறும் வியாபாரம். தழைச்சத்தே இல்லாத தண்ணீரில் இரும்பு பாட்டிலும் வீண். குருணையை எடுத்துவிட்டு மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை நிற்கட்டும். அப்புறமும் நைட்ரேட் ஏறாவிட்டால், ஆய்வகத் தரப் பொட்டாசியம் நைட்ரேட் கால் கிராம் உங்கள் தொட்டியில் 1 பிபிஎம் ஏற்றும். அளந்து பார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அறுவடை. ஆறு மாதம் கிள்ளாமல் விட்டதுதான் வினை. பாசி இழுத்த சத்து, பாசியை வெளியே எடுத்தால்தான் தொட்டியை விட்டுப் போகும். உள்ளேயே செத்தால் அத்தனையும் தண்ணீருக்கே திரும்பும், அழுகும்போது ஆக்சிஜனையும் குடித்துவிடும். வாரம் தவறாமல் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். கவுலெர்ப்பாவைக் கத்தரிக்கோலால் வெட்டினால் சாறு ஒழுகும், ஓடுகொடியோடு உருவ வேண்டும். சீக்கிரம் பரவுகிறது, விற்கச் சுலபம் என்பதால் கடைக்காரர்கள் புதியவர்கள் தலையிலும் இதையே கட்டுகிறார்கள். உங்களுக்கு நான் தருவதென்றால் கீட்டோமார்ஃபா என்ற பாசியைத்தான் தருவேன். நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும், இப்படி ஒரே இரவில் கொட்டிவிடாது, பிய்த்தெடுப்பதும் எளிது.

சித்திரை வெயிலில் சேலத்தில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணீர்ப் பரப்பில் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். ஆவியாகிக் குறைவதற்கு உப்புநீர் ஊற்றாதீர்கள், உப்பு ஆவியாவதில்லை. உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.