ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி) ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்கு நெஞ்சு படபடக்கிறது. முதலில் புரொப்ரனோலால் தராமல் பிரசோசின் தருவது ஏன்?

புரொப்ரனோலால் பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் மருந்து; அதை முதலில் தந்தால் பிபி இன்னும் எகிறும். இந்த அட்ரினல் கட்டி சுரக்கும் ஹார்மோன்கள் ஆல்ஃபா ஏற்பி (ஹார்மோன் ஒட்டி வேலை செய்யும் இடம்) வழியே ரத்தக்குழாயை இறுக்குகின்றன; பீட்டா-2 ஏற்பி வழியே தசைக்குப் போகும் குழாய்களைக் கொஞ்சம் தளர்த்தவும் செய்கின்றன. புரொப்ரனோலால் அந்தத் தளர்ச்சியைத் தடுத்துவிடும், இறுக்கம் மட்டும் மிஞ்சும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். லேபெட்டலால் என்ற மருந்து ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் தடுக்குமே என்று கேட்பார்கள். அதில் பீட்டா பக்கம்தான் ஓங்கி நிற்கும், அதனால் அதுவும் முதல் மருந்து ஆகாது.

எனவே ஆபரேஷனுக்கு 7 முதல் 14 நாள் முன்பே ஆல்ஃபா பிளாக்கர், அதாவது ஆல்ஃபா ஏற்பியைத் தடுக்கும் மருந்து. பிரசோசினோ டாக்சசோசினோ 1 மி.கி.யில் தொடங்கும். முதல் மாத்திரைக்குப் பின் எழுந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு, ஆகவே படுக்கப் போகும்போது. இன்னொரு ஆல்ஃபா பிளாக்கரான ஃபீனாக்சிபென்சமைன் என்றால் 10 மி.கி.; இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். மூக்கடைப்பு வரும். அதைச் சளி என்று நினைத்துக் கடையில் மூக்கடைப்பு மாத்திரை வாங்காதீர்கள்; அவற்றில் பல ரத்தக்குழாயை இறுக்குபவை.

பலரும் கோட்டை விடுவது உப்பில்தான். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த குழாய்களுக்குள் ரத்த அளவே குறைந்திருக்கும். மருந்து குழாயை விரித்ததும் அதை நிரப்பியாக வேண்டும். இல்லையேல் கட்டியை எடுத்த நிமிடத்தில் பிபி சரிந்துவிடும். அதனால் மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் தண்ணீரும், தினம் 5 கிராமுக்கு மேல் சோடியமும் சேர்ப்பார்கள். சாப்பாட்டு உப்புக் கணக்கில் அது சுமார் இரண்டு டீஸ்பூன். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது பொருந்தாது.

பிபியை உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை பார்த்து இரண்டையும் எழுதி வையுங்கள். உட்கார்ந்தால் 130/80-க்குக் கீழ், நின்றால் மேல் அளவு 90-க்குக் குறையாமல் இருப்பதே பொதுவான இலக்கு. மூன்று நான்கு நாள் ஆல்ஃபா மருந்து ஓடிய பிறகும் படபடப்பு தணியாவிட்டால் அப்போதுதான் புரொப்ரனோலால், அதுவும் சிறிய அளவில். பிபி இன்னும் அடங்காவிட்டால் அம்லோடிபின் என்ற பிபி மருந்தைச் சேர்ப்பதுண்டு.

இடையில் வாந்திக்கு எங்கே போனாலும் கட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியே கட்டியைத் தூண்டி பிபியை உச்சத்துக்கு ஏற்றிவிடும்.