பதில்: புதுச்சேரி தமிழர் பகுதி வீடு, சிமென்ட் பூசலாமா?

சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது, கொத்தனார் முழுக்க சிமென்ட் பூசலாம் என்கிறார், கார் நிறுத்தத் திண்ணையையும் இடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிமென்ட் வேண்டவே வேண்டாங்க. பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறி, கடைசியில் சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்திரத்தின் முனை இற்றுப்போகும். முதலில் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். அப்புறம் உதிர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புக் காரை பூசச் சொல்லுங்கள். கொத்தனாருக்குப் பழக்கமில்லையா? உங்கள் ஊரிலேயே பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இருக்கிறது, வைசியாள் வீதியைச் சீரமைத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்ததே, அவர்களைக் கேளுங்கள். திண்ணையா? வண்டியைத் தெருமுனையில் நிறுத்திக்கொள்ளலாம், அதில் கை வைக்காதீர்கள்.