சைனா ஆரஞ்சுச் செடி வாங்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் அடுக்ககம் ஒன்றில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பக்கத்து நர்சரியில் ஒன்றரை அடிச் செடி ஒன்று, கிளையெல்லாம் குட்டி குட்டி ஆரஞ்சு. ‘இன்டோர் பிளான்ட்’ என்று சொல்லி 850 ரூபாய் கேட்கிறார்கள். ஹாலில் டிவி பக்கத்தில் வைக்க ஆசை. வாங்கலாமா?

பதில்: செடியை வாங்கலாம். டிவி பக்கத்தில் வைக்கத்தான் என்றால் வேண்டாம்.

சைனா ஆரஞ்சு, மினி ஆரஞ்சு என்ற பெயர்களில் நர்சரிகளில் விற்பது பெரும்பாலும் கலமாண்டின். கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு இனமும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து வந்த வகை. பழம் எலுமிச்சையைவிடச் சின்னது, தோல் மெல்லிசு, பூ நல்ல வாசனை. தொட்டியில் அடங்கி வளரும். இதெல்லாம் உண்மைதான். அந்த ‘இன்டோர்’தான் இடிக்கிறது.

அந்தப் பேச்சு குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் பனிக்காலத்தை ஆரஞ்சு வகைகள் தாங்காது. அதனால் தொட்டியோடு உள்ளே தூக்கி வைத்து, வெயில் காலம் வந்ததும் வெளியே கொண்டுபோவார்கள். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் இதற்காகவே 1680களில் பிரம்மாண்டமாக ஒரு மண்டபம் கட்டினார்கள், அதுவும் தெற்குப் பார்த்த உயரமான ஜன்னல்களோடு. குளிருக்கு ஒதுங்கத்தான் செடி உள்ளே போனது. வேளச்சேரியில் எந்தக் குளிருக்கு ஒதுங்குவது?

இந்தச் செடிக்குத் தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சம் கணக்கில் வராது. ஹாலில் வைத்தால் சில வாரம் பழத்தோடு அழகாக நிற்கும். அப்புறம் இலை உதிரும், துளிர் வெளிறி நெடுநெடுவென்று நீளும், பூ நின்றுவிடும். கடைக்காரர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. உள்ளே வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த பால்கனி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வீட்டில் விசேஷம் என்றால் இரண்டு மூன்று நாள் ஹாலில் வைத்துவிட்டு வெளியே எடுத்துவிடலாம். ஏசி காற்று நேராகப் படும் இடம் மட்டும் வேண்டாம், இலைச்சாற்றை உறிஞ்சும் பொடிப்பூச்சியான சிவப்புச் சிலந்தி வந்துவிடும்.

வாங்கும்போது பழத்தை எண்ணாதீர்கள். அது நர்சரிக்காரர் வெயிலில் வைத்துக் காய்க்கவைத்தது, உங்கள் வீட்டில் எப்படி வளரும் என்பதை அது காட்டாது. ஒரே கிளையில் பூ, பச்சைக் காய், பழம் மூன்றும் இருக்கிற செடியாக எடுங்கள், புதுத் துளிரும் இருந்தால் இன்னும் நல்லது. இலையைத் திருப்பி நடு நரம்பு ஓரம் பாருங்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. பழுப்பாக ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. இலை தொட்டால் பிசுபிசுக்கிறதா, அந்தச் செடியே வேண்டாம். ஒட்டுக்கன்று என்றால் அடித்தண்டில் ஒட்டுப்போட்ட தழும்பு தெரியும். அதற்குக் கீழிருந்து முள்ளோடு தளதளவென்று ஒரு கிளை கிளம்பியிருந்தால் ஏமாறாதீர்கள், அது அடிக்கன்றுடையது, அதாவது ஒட்டுப்போட வேராக வைத்த வேறு செடியுடையது. விட்டுவைத்தால் மேலே இருக்கிற ஆரஞ்சுக்குச் சாப்பாடு போகாது. கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கொண்டுவந்த அன்றே தொட்டி மாற்ற வேண்டாம், இரண்டு மூன்று வாரம் போகட்டும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும், அடித்தட்டில் தேங்கினால் கொட்டிவிடுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உப்பு ஏறிய தண்ணீர் அது. இந்தச் செடிக்கு ஆகாது, இலை நுனி கருகும்.

கேள்வி: ‘பழத்துடன் போன்சாய் ஆரஞ்சு’ என்று படம் போட்டிருந்ததைப் பார்த்து ஆன்லைனில் 799 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது அரை அடிக் குச்சி, நான்கு இலை. ‘உயிருள்ள செடி, திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: செய்ய முடியும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று அவர்களே எழுதிக்கொள்வதால் அது மாறிவிடாது.

விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்குப் படத்தை மாற்றிவிடுவார்கள். குச்சியை ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இரண்டையும் இணைத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆனால் 799 ரூபாய்க்கு ஆணையம் வரை அலைவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. படத்தையும் குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினாலே பல இடங்களில் பணம் வந்துவிடும்.

ஒன்று மட்டும். செடி சரியாக வந்து, உங்களிடம் பத்து நாள் இருந்த பிறகு இலை கொட்டினால் அதை விற்பவர் தலையில் கட்டுவது கஷ்டம். பெட்டியில் இருட்டில் வந்த செடி கொஞ்சம் உதிர்க்கத்தான் செய்யும். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

கேள்வி: இதே ‘போன்சாய் ஆரஞ்சு’ விதை பாக்கெட் 99 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

பதில்: வாங்காதீர்கள். ஆரஞ்சு வகை விதைகள் காய்ந்துபோனால் முளைப்புத் திறனை இழந்துவிடும், பாக்கெட்டில் எத்தனை மாதமாகக் கிடந்ததோ. போன்சாய் என்பது செடியை வெட்டிக் கட்டி வளர்க்கிற முறை, அதற்குத் தனி விதை கிடையாது. ஆசையாக இருந்தால் யாரிடமாவது ஒரு சைனா ஆரஞ்சுப் பழம் வாங்கி, பிழிந்த அன்றே விதையைக் கழுவி ஊன்றுங்கள். முளைக்கும். காய்க்கச் சில வருடம் ஆகும்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஆரஞ்சுத் தொட்டியை ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா?

பதில்: கொண்டுவர வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி வெளிநாட்டுச் செடிக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிமுதல் ஆகலாம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கிற பசுமையாதல் நோய் நோயுற்ற கன்றுகள் மூலமாகவும் பரவும் என்பதால் இந்தக் கெடுபிடியில் நியாயம் இருக்கிறது.

அலங்காரத்துக்கு விற்கிற தொட்டியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அதனால் வாங்கும்போது இருக்கிற பழங்களைச் சாப்பிடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். பழம் நீள்வட்டமாக இருந்தால் கும்குவாட், உருண்டையாக இருந்தால் அநேகமாகக் கலமாண்டின். அங்கே ‘லிமாவ் கஸ்தூரி’ என்று சந்தையில் விற்பதும் இந்தக் கலமாண்டின்தான். அதைப் பிழிந்து ஐஸ் போட்டுக் குடிக்கலாம். நம் நர்சரிச் செடிக்கும் இதே கணக்குதான்: உங்கள் பால்கனியில் புதிதாகப் பூத்துக் காய்த்ததை ஊறுகாய் போடலாம், ரசத்துக்கும் பிழியலாம்.