ஒரே வீட்டில் இரண்டு விதக் கோப்பை: அம்மாவோடு எப்படிக் கதைப்பது?

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கம்பஸ் தோழி வீட்டுக்கு வந்தபோது அம்மா அவளுக்கு மட்டும் வேறு கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாராம், அவள் போனதும் அதைக் கிணற்றடியில் தனியாகக் கவிழ்த்து வைத்தாராம். சண்டை பிடித்ததில் இரண்டு கிழமையாகப் பேச்சில்லை. அம்மாவை எப்படி மாற்றுவது என்று கேட்கிறார்.

உங்கள் கோபம் நியாயமானது. கடையிலும் கோயிலிலும் இப்படிச் சாதி பார்த்து ஒதுக்குவதை இலங்கையின் 1957 ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது, அப்படியிருந்தும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சனம் உள்ளே போவதற்காகப் போராட வேண்டியிருந்தது. வீட்டுக் குசினிக்குள் அந்தச் சட்டம் வராது, அங்கே நீங்கள்தான் கதைக்க வேண்டும்.

ஆனால் வாதாடாதீர்கள். அமெரிக்காவில் புரூக்மன், கல்லா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், மயாமியில் வீடு வீடாகப் போய்த் திருநர் பற்றிச் சுமார் 10 நிமிடம் கதைத்ததில் அவர்கள் மீதான வெறுப்புக் குறைந்தது, அந்த மாற்றம் 3 மாதம் கழித்தும் இருந்தது. போனவர்கள் பிரசங்கம் வைக்கவில்லை, உங்களை யாராவது குறைவாக நடத்தியதுண்டா என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்கள், தங்கள் கதையையும் சொன்னார்கள். அந்தக் கதைப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை என்று 2020 இல் அவர்களே எழுதினார்கள்.

சரி, உங்கள் வீட்டில் எப்படி? அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கும் நேரம் பக்கத்தில் போய் இருந்து நீங்களும் உருவுங்கள். "அம்மா, 95 இடம்பெயர்விலை ஆர் வீட்டிலை தங்கினீங்கள், எப்பிடி நடத்தினவை?" என்று கேளுங்கள். 1995 இல் யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்குப் போய் அடுத்தவன் விறாந்தையில் படுத்த நாட்களில் பட்ட அவமானம் ஏதாவது அவர் மனதில் கட்டாயம் கிடக்கும். சொல்லி முடிக்கட்டும். "பாத்தீங்களோ, இதைத்தானே நீங்களும் செய்தீங்கள்" என்று உடனே மடக்கினீர்களோ, எல்லாம் போச்சு! அன்றைக்கோ அடுத்த நாளோ, கோப்பையைக் கையில் வாங்கும்போது தோழியின் முகம் எப்படிப் போனது, உங்களுக்கு என்ன செய்தது என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவையில் ஒன்றும் நடக்காது, திரும்பத் திரும்பக் கதைக்க வேண்டும்.

அதுவரை தோழி காத்திருக்கத் தேவையில்லை. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், அம்மாவைத் திருத்துவதற்காக அவளைக் கூட்டிவந்து இருத்தாதீர்கள், அது அவளுக்கு இரண்டாவது அவமானம். அவளாக விரும்பி வந்தால் தேத்தண்ணியை நீங்களே ஊற்றி எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் கொடுங்கள்.

பழகப் பழக அம்மா "அவள் நல்ல பிள்ளை, மற்ற ஆக்கள் அப்பிடியில்லை" என்பார். ஈராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே காற்பந்து அணியில் ஆடவைத்த ஆய்வு 2020 இல் வந்தது. அதிலும் அணிக்குள் வந்த நெருக்கம் மைதானத்துக்கு வெளியே பெரிதாகப் போகவில்லை. அதனால் அம்மா அப்படிச் சொல்லும் நாளில் சந்தோசப்பட்டு நிறுத்திவிடாமல், "மற்ற ஆக்களிலை ஆரோடை அம்மா பழகியிருக்கிறீங்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.